சிற்றாற்றை எதிர்த்து – 2: கண்ணில் படாத தேனருவி

கங்கைகொண்டான் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். சிற்றாற்றில் மணல், முள்மரம், நடுவே வேட்டி அகலத்துக்கு ஓர் ஓட்டம். சீவலப்பேரியில் இந்த ஆறு தாமிரபரணியில் கலப்பதைப் போன வாரம் எழுதியிருந்தேன். அங்கிருந்து ஆற்றை எதிர்த்தே போய்க் குற்றால மலையிலுள்ள தேனருவியைப் பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். இவ்வூரில் புள்ளிமான்களுக்கு 2013 முதல் சரணாலயம் உண்டு. ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜூலை மாதம். இங்கே வெயில் மண்டையைப் பிளந்தது. டீக்கடைக்காரர் சிரித்தார். "குத்தாலத்துல வெள்ளம்னா இங்க வர நாளாவும். நடுவுல எத்தன கொளம் இருக்கு, அதெல்லாம் குடிச்சிட்டுல்லா நமக்கு விடும்! தேனருவிக்கா போறிய? விடமாட்டாவளே அண்ணாச்சி."

தென்காசி தாண்டியதும் வேறு வானம். ஆரியங்காவு கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அதனால்தான் சமவெளி காயும்போது குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது.

நாம் குளிக்கிற பேரருவி இந்த ஆற்றின் கீழ்ப்படி. சுமார் 60 மீட்டர் விழுகிற தண்ணீரைப் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளம் தாங்கி வேகம் குறைத்து அனுப்பாவிட்டால் அதன் கீழே தலை காட்ட முடியாது. மேலே செண்பகாதேவி அருவி. அதற்கும் மேலே, பேரருவியிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் தேனருவி. பாறை இடுக்கெல்லாம் தேனடை தொங்குவதால் அந்தப் பெயர். பாதையை வனத்துறை அடைத்திருக்கிறது. வழுக்குப் பாறை, சொல்லாமல் வரும் காட்டாற்று வெள்ளம், தேனீ மூன்றையும் நினைத்தால் அடைத்தது சரிதான்.

நான் ஒருமுறை அங்கே போயிருக்கிறேன், வாலிபத்தில், ஒரு சித்ரா பௌர்ணமிக்கு. செண்பகாதேவி அம்மன் கோயிலுக்குப் போன கூட்டத்தோடு ஏறி, அதற்கு மேலும் நடந்தோம். சித்திரை வெயிலில் அருவி என்ன செய்யும்? உயரமான பாறையில் ஈரக்கோடு ஒன்று வழிந்தது. தேனடை நன்றாகத் தெரிந்தது, அருவிதான் தெரியவில்லை. கோயிலுக்கு ஆள் ஏறும் நாளில் தண்ணீர் இல்லை, தண்ணீர் கொட்டும் நாளில் வழி இல்லை. இந்த முறை கீழே நின்று அண்ணாந்தேன். மலையே மேகத்துக்குள் இருந்தது.

நான்கு நாள் கழித்துத் திரும்புகையில் கங்கைகொண்டான் பாலத்தில் மறுபடி இறங்கினேன். ஓட்டம் முழங்கால் அளவு ஏறியிருந்தது, செம்மண் கலங்கலாக.