வெனிஸ்: கண்ணுக்கு மறைந்த கப்பல்கள்

வெனிஸ் நகரின் தென்கரையில் ‘ஸட்டெரே’ என்று ஒரு நீண்ட நடைபாதை இருக்கிறது. நாள் முழுக்க வெயில் விழும் இடம். ஐஸ்க்ரீமும் கையுமாகத் தாத்தா பாட்டிகள், தள்ளுவண்டியில் குழந்தைகள், காலைத் தொங்கப்போட்டு அரட்டையடிக்கும் கல்லூரிப் பிள்ளைகள்... எதிரே அகலமான ஜூடெக்கா கால்வாய். அதில் பஸ்களைப் போல ஓயாமல் ஓடும் ‘வாபொரெட்டோ’ படகுகள். அக்கரையில் ரெதெந்தோரே தேவாலயத்தின் வெள்ளை முகப்பு.

2021 கோடைக்கு முன்பு வரை, கப்பல் சீஸனில் இந்தக் காட்சி மாலை நேரத்தில் திடீரென்று மறைந்துபோகும். மேற்கிலிருந்து ஒரு வெள்ளைச் சுவர் சத்தமில்லாமல் நகர்ந்து வரும். 60 மீட்டர் உயரம், 300 மீட்டர் நீளம். மூன்று நான்கு மாடி வீடுகள் மட்டுமே இருக்கும் ஊரில், தேவாலயங்களையே குள்ளமாக்கிக் காட்டும் சொகுசுக் கப்பல். மேல்தளத்தில் ஆயிரக்கணக்கானோர் செல்போனை உயர்த்திப் படம் எடுப்பார்கள். கீழே கரையில் நிற்பவர்கள் அவர்களைப் படம் எடுப்பார்கள். சான் மார்க்கோ சதுக்கத்தை இவ்வளவு உயரத்திலிருந்து பார்ப்பதுதான் அந்த டிக்கெட்டின் பெரிய கவர்ச்சியே!

இந்தக் கவர்ச்சிக்கு வெனிஸ் கொடுத்த விலை சின்னதல்ல.

முதலில் புகை. கப்பல் கரையில் கட்டப்பட்ட பிறகும் அதன் எந்திரங்கள் ஓய்வதில்லை. ஏ.சி., சமையலறை, நீச்சல்குளம், தியேட்டர் என்று உள்ளே ஒரு சிற்றூரே இருக்கிறது. அதற்கெல்லாம் மின்சாரம் வேண்டும். கரையிலிருந்து மின் இணைப்பு கிடைக்காத துறைமுகத்தில், கப்பல் தன் எந்திரத்தை ஓட்டித்தான் ஆகவேண்டும். ஐரோப்பாவில் கரையில் நிற்கும் கப்பலின் எரிபொருளில் கந்தகம் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2010 முதல் விதி. கேட்கக் கறாராகத்தான் இருக்கிறது. ஆனால், நம் ஊர் பங்க்குகளில் விற்கும் பி.எஸ்-6 டீசலில் அனுமதிக்கப்படும் கந்தகத்தைப் போல அது 100 மடங்கு! நடுக்கடலில் நிலைமை இன்னும் மோசம். 2020 பிறப்பதற்கு முன்பு வரை, உலக அளவில் 3.5 சதவீதம் வரை அனுமதி இருந்தது.

அடுத்தது தண்ணீர். வெனிஸைச் சுற்றியிருப்பது ஆழ்கடல் அல்ல. பழவேற்காடு ஏரியைப் போல, மணல் திட்டுகளுக்குப் பின்னால் கடலோடு வாய் திறந்து கிடக்கும் காயல். பரப்பு சுமார் 550 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதியில் ஓர் ஆள் இறங்கி நின்றாலே தலை வெளியே தெரியும். இவ்வளவு ஆழம் குறைந்த நீரில் பெரிய கப்பல்கள் எப்படி வந்தன? தோண்டிய கால்வாய்கள் வழியாகத்தான்.

குறுகலான கால்வாயில் பெரிய கப்பல் நுழைந்தால், அது மெதுவாகப் போனாலும் நீர் சும்மா இருக்காது. பக்கத்துச் சேற்றுத் திட்டுகளின் மேலிருக்கும் தண்ணீர் முதலில் கால்வாயை நோக்கி உறிஞ்சப்படும். கப்பல் கடந்ததும் வேகமாகத் திரும்பிப் பாயும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேறு கலங்கி எழும்பும். கடலில் நீர் வற்றும் நேரத்தில் அந்தச் சேறு முகத்துவாரம் வழியாக வெளியே போய்விடும். போனது திரும்புவதில்லை.

சேறுதானே என்று நினைத்துவிட வேண்டாம். வெனிஸின் வீடுகளைத் தாங்கும் மரத்தூண்கள் நூற்றாண்டுகளாக உளுத்துப்போகாமல் இருப்பதே, காற்றுப் புகாத அந்தச் சேற்றுக்குள் புதைந்து கிடப்பதால்தான். மீன் குஞ்சு பொரிப்பதும், நாரைகள் இரை தேடுவதும், கடல் அலையின் வேகம் தணிவதும் சேற்றுத் திட்டுகளிலும் ‘பரேனே’ எனப்படும் புல்திட்டுகளிலும்தான். கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் அந்தப் புல்திட்டுகளில் முக்கால்வாசி அழிந்துவிட்டது. இதற்குக் கப்பலை மட்டுமே குற்றம் சொல்ல முடியாது. பழைய வெனிஸ் குடியரசு, காயல் தூர்ந்து தரையாகிவிடுமோ என்று பயந்து, பிரென்டா, பியாவே போன்ற ஆறுகளையே வேறு பக்கம் திருப்பிவிட்டது. வண்டல் வருவது அன்றே குறைந்தது. இருக்கிற வண்டலும் இப்போது கடலுக்குப் போகிறது. அன்று காயல் நிலமாகிவிடும் என்று பயம். இன்று அது கடலாகிவிடும் என்று பயம்.

2012 ஜனவரியில் ‘கோஸ்டா கான்கார்டியா’ கப்பல் ஜீலியோ தீவருகே பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். இத்தாலி அதிர்ந்தது. 40,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான் மார்க்கோ முன்பாகப் போகக் கூடாது என்று இரண்டே மாதத்தில் ஆணை வந்தது. ஆனால், ‘மாற்று வழி தயாரானதும்’ என்று ஒரு வால் அதில் ஒட்டியிருந்தது. மாற்று வழி தயாராகவே இல்லை! 2017-ல் உள்ளூர் மக்கள் தாங்களே நடத்திய வாக்கெடுப்பில் சுமார் 18,000 பேர் கலந்துகொண்டார்கள். பெரிய கப்பல்கள் காயலுக்குள்ளேயே வரக் கூடாது என்றார்கள் கிட்டத்தட்ட 99 சதவீதம் பேர்.

2019 ஜூன் 2 அன்று, 275 மீட்டர் நீளமுள்ள ‘எம்.எஸ்.சி. ஓபரா’ ஜூடெக்கா கால்வாயில் கட்டுப்பாட்டை இழந்தது. அபாயச் சங்கை அலறவிட்டபடியே சான் பசிலியோ படகுத்துறையில் மோதி, அங்கே நின்ற சுற்றுலாப் படகையும் நசுக்கியது. படகிலிருந்தவர்கள் கரைக்குத் தாவி ஓடினார்கள். சிலர் காயத்தோடு தப்பினார்கள். ஸட்டெரேயில் நடப்பவர்கள் வழக்கமாகக் கடக்கும் இடம் அது.

‘ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்கள்’ பட்டியலில் வெனிஸைச் சேர்க்கலாமா என்று யுனெஸ்கோ யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் ரோமில் அவசரம் பிறந்தது. 25,000 டன்னுக்கு மேலோ, 180 மீட்டர் நீளத்துக்கு மேலோ, 35 மீட்டர் உயரத்துக்கு மேலோ உள்ள கப்பல்களுக்கு 2021 ஆகஸ்ட் 1 முதல் ஜூடெக்கா கால்வாயில் தடை வந்தது.

பலன் இருந்தது. ‘டிரான்ஸ்போர்ட் அண்ட் என்விரான்மென்ட்’ அமைப்பின் கணக்கில், 2019-ல் சொகுசுக் கப்பல்களால் ஐரோப்பாவிலேயே அதிகம் மாசடைந்த துறைமுகம் வெனிஸ். 2022-ல் 41-ம் இடம். கந்தகப் புகை 80 சதவீதம் குறைந்தது. முதலிடத்துக்கு வந்தது பார்சிலோனா.

ஆனால், தடை ஜூடெக்காவுக்குத்தான், காயலுக்கு அல்ல. பெரிய கப்பல்கள் சில இப்போது தெற்கே மாலமோக்கோ முகத்துவாரம் வழியாக நுழைந்து, மார்கேராவுக்குப் போகின்றன. ரசாயன ஆலைகளும் எண்ணெய்த் தொட்டிகளும் நிறைந்த தொழிற்பேட்டை அது. போகும் வழி, எண்ணெய்க் கப்பல்களுக்காக 1960-களில் வெட்டிய ‘பெட்ரோலி’ கால்வாய். நடுக்காயலின் சேறு கரைந்து போவதற்கு முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் சுட்டும் கால்வாய் அதுவேதான்! மணிகோபுரத்தின் பின்னணியில் கப்பல் தெரியாததால், போஸ்ட் கார்டு படம் அழகாகிவிட்டது. ஆனால் புகையை மார்கேரா பக்கத்துக் குடியிருப்புகள் சுவாசிக்கின்றன. காயலின் அடித்தரையைப் படம் எடுக்க எந்தச் சுற்றுலாப் பயணியும் வருவதில்லை.

வெனிஸ் போகிறவர்கள் சான் மார்க்கோவோடு திரும்பாமல், லிடோ தீவின் பஸ்ஸில் தெற்கே மாலமோக்கோ கிராமம் வரை போய் வரலாம். கூட்டம் குறைவு. காயல் பக்கக் கரையில் நின்றால் அமைதியான, சலனமற்ற நீர். அப்பால் வரிசையாக நட்ட மரக்கம்பங்கள் கப்பல்களுக்குக் கால்வாயைக் காட்டுகின்றன.

கப்பல் டூர் எடுப்பவர்கள் கையேட்டில் ‘வெனிஸ்’ என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. பல நேரங்களில் அங்கே ரவென்னா என்றோ திரியெஸ்தே என்றோ இருக்கும். அங்கே இறங்கினால், வெனிஸுக்கு இரண்டு மணி நேரம் பஸ் பயணம்.