தீவகக் கடலில் துடுப்பு வலித்தல்

நாற்புறமும் நீர் சூழ வாழ்வோர் தேகாப்பியாசத்துக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாக ஊர்காவற்றுறையை அடைந்தால், கரையிலே சிறு தோணிகள் கட்டப்பட்டிருக்கும். எதிரே கடற்கோட்டை, அப்பால் காரைநகர். இடைப்பட்ட நீரைப் ‘பாதை’ எனப்படும் மிதவை மக்களை ஏற்றிக் கடக்கின்றது.

புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இன்று இயந்திரப் படகுகளே செல்கின்றன. நாகபூசணி அம்மனைத் தரிசிக்க நம் முன்னோர் பாயையும் துடுப்பையும் நம்பியே சென்றனர். இயந்திரம் வந்தது நன்மையே. நோயாளியை விரைவிற் கரைசேர்க்க அதுவே வேண்டும். ஆயினும், தீவகத்துப் பிள்ளைகள் துடுப்புப் பிடிக்க அறியாது வளர்வராயின், அது பேரிழப்பாகும்.

பிற இடங்களில் இது விளையாட்டாகவே போற்றப்படுகின்றது. கொழும்புப் படகோட்டக் கழகம் 1864இலும், சென்னைக் கழகம் 1867இலும் தோன்றின. 1898இல் இரண்டும் தம்முள் போட்டியைத் தொடங்கின. நமக்கோ இது பரம்பரைத் தொழில்.

மாணவர் சிலருடன் நாம் ஊர்காவற்றுறை சென்றபோது, மீனவப் பெரியவர் ஒருவர் அவர்களைத் தோணியில் இருத்தி, “தம்பியவை, கையாலை வலிக்காதேங்கோ, காலாலை வலியுங்கோ” என்றார். அதுவே இப்பயிற்சியின் சூட்சுமம். பாதங்களைப் பலகையில் ஊன்றி, இடுப்பிலிருந்து பின்சாய்ந்து, இறுதியிலேயே முழங்கையை மடக்க வேண்டும். காலும் முதுகும் தோளும் ஒருங்கே உழைக்கும். உடற்பாரத்தை இருக்கை தாங்குவதால், ஓடும்போது முழங்காலுக்கு நேரும் அதிர்ச்சி இதில் இல்லை. ஆதலின், 13 வயதுச் சிறுவனும் 60 வயதுப் பாட்டனாரும் தத்தம் வலிமைக்கேற்ப வலிக்கலாம். இருதய நோயோ முதுகுநோவோ உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்டல் நன்று. இருவர் வலிக்கையில் ஒருவர் மற்றவரின் வேகத்தை மீறினால் தோணி திசைமாறிவிடும். ஒற்றுமைக்கு இதனினும் நல்ல பாடம் வேறில்லை.

சோழகம் உரத்து வீசும்போதும் வாடைக்கால மழையிலும் இறங்குதல் ஆகாது. காற்றடங்கிய காலைவேளையும் ஆழமற்ற கரையோர நீருமே புதியோர்க்கு ஏற்றவை. முதலில் நீந்தப் பழகுக. மிதவைச் சட்டை அணியாது தோணியேறற்க. கடலறிந்த ஒருவர் எப்போதும் உடனிருத்தல் வேண்டும்.

நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டால், உதவி வரும்வரை கைகொடுப்பது பழகிய கையும் ஒரு சோடித் துடுப்புமே. இன்று விளையாட்டாகக் கற்பது அன்று உயிர்காக்கும். தீவகத்துப் பாடசாலை ஒவ்வொன்றும் ஒரு தோணியேனும் வைத்திருத்தல் கூடாதா? அலை ஓய்ந்தபின் கடலாட எண்ணுவோர் ஒருநாளும் கடலாடார்.