எண்ணெயும் கையும்

தொழில்நுட்பக் கல்லூரியொன்றிலே உலோக வேலை கற்பிக்கும் எனக்கு ஆண்டுதோறும் ஒரு வினா காத்திருக்கும்: "வன்மையான உலோகத்தைத் துளையிட எந்த எண்ணெய் நல்லது, சேர்?" பாடநூலின் அட்டவணையைக் காட்டுவேன். வார்ப்பிரும்புக்கு எண்ணெயே வேண்டாம். அதிலுள்ள காரீயமே வழுக்கலைத் தரும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். கறையில் உருக்குக்குக் கந்தகம் சேர்ந்த எண்ணெய். அட்டவணையிலே உலோகத்துக்கு ஒரு நிரல் உண்டு. எண்ணெய்க்கு ஒரு நிரல் உண்டு. அவ்வெண்ணெயிலே நாளெல்லாம் தோயும் கைக்கு நிரல் இல்லை.

இக்குறையை எனக்கு உணர்த்தியவர் என் தாய்மாமன். யாழ்ப்பாணத்திலே பிறருடைய கடைச்சற் பட்டறையில் இருபத்தைந்து ஆண்டுகள் கூலிக்கு நின்றவர். முன்கையிரண்டிலும் கறுத்த பருக்கள், விரலிடுக்குகளில் வெடிப்பு. "எண்ணெய்ப் பரு, தம்பி. தொழிலோடை வந்தது" என்பார்.

கறையில் உருக்கு வஞ்சகமான பொருள். துளையலகு வெட்டாமல் உரசிக்கொண்டு நின்றால், உரசிய இடம் முன்னிலும் வன்மை பெற்றுவிடும். பின்னர் அலகு அதில் இறங்குவது அரிது. ஆகவே சுழற்சியைக் குறைத்து, அழுத்தத்தைத் தளரவிடாமல் வெட்ட வேண்டும். எண்ணெய் சூட்டைத் தணிப்பதோடு நின்றுவிடுவதில்லை. அலகும் உலோகச் சுருளும் ஒட்டிக்கொள்ள முயலும் விளிம்பிலே கந்தகம் உருக்கோடு சேர்ந்து மெல்லிய படலமாகி, இரண்டையும் பிரித்து வைக்கிறது. மாமாவுக்கு இரசாயனம் தெரியாது. சுருளின் நிறமும் அலகின் ஓசையும் அவருக்குப் போதும்.

1883இல் அமெரிக்காவிலே பிரெடரிக் டெய்லர் என்பவர், வெட்டுமுனையில் நீரைத் தாரையாக ஊற்றினால் வெட்டும் வேகத்தை 30 முதல் 40 சதவீதம் வரை கூட்டலாமென்று கண்டார். தொழிலாளியின் அசைவுகளைக் கடிகாரம் வைத்து அளப்பித்தவரும் இவரே. கூடிய வேகத்தின் பயன் எவருக்குச் சேர்ந்ததென்பதை இவ்விதழின் வாசகர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையின் கணக்கோ வெகு தாமதமாகவே எழுதப்பட்டது. இலங்காஷயரின் பருத்தி ஆலைகளிலே, நூற்புப் பொறிக்கு இட்ட கனிய எண்ணெய் தொழிலாளரின் உடையிலே தெறித்து ஊறியதால் அவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வந்தது. 1920களிலேயே மருத்துவர் இதை எழுதினர். நூற்போரைக் காக்கும் தனி விதிகள் 1953இல்தான் பிறந்தன! உலோகம் கடைவோரிடமும் அந்நோய் காணப்பட்டது. நன்கு தூய்மையாக்கப்படாத கனிய எண்ணெய் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதென்பது இன்று ஐயத்துக்கிடமற்ற உண்மை.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிலே பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் பொன்னாயிற்று; இயந்திர எண்ணெய் கண்ணிற் படவில்லை. அந்நாளொன்றில் தோட்டக்காரர் ஒருவர் நீரிறைக்கும் இயந்திரத்தின் தண்டைக் கொண்டுவந்தார். கறையில் உருக்கு, ஆணி பூட்ட ஒரு துளை வேண்டும். அவருடைய வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. மாமா வீட்டுக்கு வந்து தேங்காயெண்ணெய் கேட்டார். போத்தலிலே நாலு விரல் உயரத்துக்கு இருந்தது. மாமி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அரைவாசியை வைச்சிட்டுக் கொண்டு போங்கோ" என்றார்.

கொழுப்பெண்ணெய் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும்; எனினும் மிகுந்த சூட்டிலே கந்தக எண்ணெயைப்போல் நின்றுபிடியாது. மின்சாரம் இல்லாமையே அன்று எமக்கு உதவிற்று. நான் கைத்துறப்பணத்தைச் சுழற்ற, மாமா நெஞ்சால் அழுத்தினார். இரண்டு அலகுகள் மழுங்கின. பொழுதுபட்டபோது துளை விழுந்தது. கிண்ணத்தில் மிஞ்சிய சொட்டுகளை மாமா விரலிடுக்குகளிலே பூசிக்கொண்டார். "இதெண்டாலும் கடியாது, தம்பி."

இவ்வாண்டு கரும்பலகையிலே மூன்றாவது நிரலொன்றை வரைந்தேன். எண்ணெயூறிய துணியைக் காற்சட்டைப் பையில் வையாதே. நனைந்த உடையை உடனே மாற்று. உணவுக்கு முன்னும் வேலை முடிந்தபின்னும் முழங்கைவரை சவர்க்காரமிட்டுக் கழுவு என்று எழுதினேன். பின்வாங்கிலிருந்த மாணவனொருவன், பட்டறையொன்றிலே மாலைதோறும் வேலை செய்பவன், எழுந்து நின்றான்.

"பட்டறையிலை சவர்க்காரம் ஆர் தாறது, சேர்?"