மாஷிமா வீட்டுத் தண்ணீர்

தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு 2003இல் கல்கத்தா போய் இறங்கினேன். நகரத்தின் பெயர் 2001லேயே கொல்கத்தா ஆகிவிட்டிருந்தது. ஆனால் லேக் மார்க்கெட் பக்கம் பல வருடங்களாகக் குடியிருந்த என் மாமாவுக்கு அது கல்கத்தாதான். வாழையிலையும் கறிவேப்பிலையும் சுலபமாகக் கிடைக்கும் அந்தப் பேட்டையில் எனக்குக் கிடைத்த வேலை, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் ஃபில்டர் விற்பது.

மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் ஒரு பாடம்: மாலை நான்கு மணிக்கு, தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டுக்குப் போ. அவர்கள் கதவைச் சாத்த மாட்டார்கள்.

சாத்தவில்லைதான். ராஷ்பிகாரி அவென்யூவிலிருந்து பிரியும் தெருக்களில் பச்சை மர ஜன்னல்களும் சிவப்புத் தரையுமாகப் பல வீடுகள். பிள்ளைகள் பெங்களூரில், அமெரிக்காவில். பெரியவர்கள் டீயும் பொரியும் கொடுத்துப் பேச்சுக்கு உட்கார வைத்துவிடுவார்கள்.

அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மாஷிமா என்று கூப்பிடுவேன். நம் ஊரில் பெரியம்மா என்பது போல. என் அரைகுறை வங்காளத்தைச் சகிக்க முடியாமல், வித்யாசாகர் 1855இல் எழுதிய 'வர்ண பரிச்சய்' அரிச்சுவடியை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துச் சொல்லித்தர ஆரம்பித்தார். தமிழில் ஒரே 'க'. வங்காளத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்துகள். "மற்ற மூன்றையும் எங்கே தொலைத்தீர்கள்?" என்று சிரிப்பார். தொல்காப்பியம் படித்தவனுக்கு ரோஷம் வரும். ஆனாலும் ஆறே மாதத்தில் 'ஆனந்த பஜார் பத்திரிகா' தலைப்புச் செய்திகளைப் படித்துக் காட்டினேன்.

ஒரு மாதக் கடைசி. என் முகத்தைப் பார்த்தே கேட்டார்: "இன்னும் எத்தனை விற்கணும்?"

"ஒன்று, மாஷிமா."

செக் எழுதிக் கொடுத்தார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து சர்வீஸ் செய்யப் போனேன். ஃபில்டர் மேல் பூ வேலை செய்த துணி மூடியிருந்தது. ஒருநாள்கூட ஓடியதாகத் தெரியவில்லை. பக்கத்தில், எப்போதும்போல மண் கூஜா. "மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீ வந்துதானே ஆகணும்?" என்றார். அவர் வாங்கியது ஃபில்டரை அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது.

2005இல் சென்னையில் பத்திரிகை வேலை கிடைத்தது. அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. அவர் கற்றுக்கொடுத்த மொழியிலிருந்து மொழிபெயர்த்துத்தான் இன்று பாதிச் சம்பாத்தியம்.

தனியாக வாழும் முதியவர்களுக்காகக் கொல்கத்தா போலீஸ் 2009இல் 'பிரணாம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதைப்பற்றி எழுத 2014இல் மறுபடி அந்த ஊருக்குப் போனேன். ராஷ்பிகாரியில் அப்போதும் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கித் தெருவுக்குள் நடந்தேன். மாஷிமா வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடிக் கட்டடம். காவலாளிக்கு மாஷிமாவைத் தெரியவில்லை. பழைய வீட்டையே அவர் பார்த்ததில்லையாம்.

கேட்டில் ஒரு பலகை தொங்கியது: 'விற்பனையாளர்கள் உள்ளே வரக்கூடாது.' வங்காளத்தில் எழுதியிருந்தது. தடுமாறாமல் படித்தேன்.