நாலுபுறச் சரிவு: சில குறிப்புகள்

ஃப்ளோரிடாவில் புது வீடுகளுக்குக் கூரை பெரும்பாலும் லாரியில்தான் வருகிறது. பட்டறையில் அடித்து முடித்த மர டிரஸ்கள், அதாவது கூரையைத் தாங்கும் சட்டகங்கள். மூட்டுகளில் பல் வைத்த இரும்புத் தகடுகள். 1952-ல் ஏ. கேரல் சான்ஃபோர்ட் அதே மாநிலத்தில் தொடங்கி வைத்த முறை.

*

டிரஸ்ஸின் சாய்ந்த சட்டங்கள் பாரம் ஏறினால் காலை அகட்டப் பார்க்கும். கீழ்ச்சட்டம் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. அதனால் சுவரை வெளியே தள்ளாமல் பாரம் நேராக இறங்குகிறது.

*

நாலுபுறமும் சரியும் கூரைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டின் அகலம் 32 அடி; அடிக்கு அரையடி ஏறும் சரிவு. முகடு 8 அடி உயரம். நடுவில் 2 அடிக்கு ஒன்றாக முழு முக்கோணங்கள். கடைசிச் சுவருக்கு 16 அடி இருக்கையில் முகடு நின்றுவிடுகிறது. அதன்பின் வருபவை உச்சி தட்டையான டிரஸ்கள். உயரம் 7, 6, 5, 4 அடி. தட்டையின் நீளம் 4, 8, 12, 16 அடி. இந்தப் படிகள்மேல் பலகை அடித்தால் மூன்றாவது சரிவு தயார். எதிர்முனையில் நான்காவது. சரிவுக்கு உருவம் கொடுப்பதும் அதைச் சுமப்பதும் அதே மரங்கள். எனக்கு இதில்தான் அழகு.

*

அந்த 4 அடி உயர டிரஸ்தான் கர்டர். சுவரிலிருந்து 8 அடி உள்ளே நிற்கும். அதற்கும் சுவருக்கும் இடையே குட்டை டிரஸ்கள். அவற்றின் ஒரு முனை சுவரில், மறுமுனை கர்டரில். வீட்டு மூலையிலிருந்து ஏறிவரும் மூலைச் சட்டமும் கர்டர்மேல்தான் சாய்கிறது. ஆகவே இரண்டு மூன்று டிரஸ்களைச் சேர்த்தடித்து ஒன்றாக்குகிறார்கள்.

*

மூலைச் சட்டம் குறுக்காகப் போவதால், மற்றவை 8 அடியில் ஏறும் 4 அடியை அது ஏறக்குறைய 11 அடி 4 அங்குலத்தில் ஏறுகிறது. மூலைக்கோடு சரிவைவிடப் படுத்தே இருப்பது இதனால்தான்.

*

1992 ஆகஸ்டில் ஃப்ளோரிடாவைத் தாக்கியது ஆண்ட்ரூ புயல். இருபுறச் சரிவு வீடுகளில் முனையின் முக்கோணச் சுவர் காற்றை நெஞ்சில் வாங்கிப் பல இடங்களில் விழுந்தது. நாலுபுறச் சரிவுகள் அதைவிட நன்றாகத் தாங்கின. இன்று அங்கே இந்தக் கூரைக்குக் காப்பீட்டில் சலுகை உண்டு; கூரையின் சுற்றளவில் 10 சதவீதத்துக்கு மேல் வேறு வடிவம் கலந்தால் கிடையாது.

*

ஏசி குழாய்க்கோ, பரணில் சாமான் வைக்கவோ டிரஸ்ஸில் ஒரு சட்டத்தையும் அறுக்காதீர்கள். கர்டரில் கைவைக்கவே கூடாது; வீட்டின் ஒரு முனையே அதை நம்பி நிற்கிறது. ரம்பத்தை எடுக்குமுன் டிரஸ் வரைபடத்தோடு பொறியாளரைப் பாருங்கள்.