அவரைப் பந்தலும் அழகு மானும்

மான் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சீதை ஆசைப்பட்ட பொன்மானா? சகுந்தலை வளர்த்த மான்குட்டியா? நம் கண்களோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கவிஞர்கள் தேய்த்துவிட்ட அந்தக் கண்களா? சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் இருக்கும் என் நாத்தனாரிடம் இதையெல்லாம் சொன்னால், "ஒரு ராத்திரி எங்க தோட்டத்துல வந்து படுத்துப் பாரு அம்மிணி!" என்பார்.

அக்காவுக்கு (நாத்தனார் என்று எழுதவே கை வரவில்லை, நான் கூப்பிடுவது அக்கா என்றுதான்) 50 சென்ட் தோட்டம். அவரை, தட்டைப்பயறு, வீட்டுக்குக் கொஞ்சம் கீரை. மகளிர் குழுவில் கடன் வாங்கி விதைத்தது. பெண்ணின் கல்லூரிச் சம்பளம் அந்த அவரையை நம்பித்தான் இருக்கிறது. பூவெடுக்கும் சமயத்தில் புள்ளிமான் கூட்டம் ஒன்று வந்து போனால், மறுநாள் காலையில் கொழுந்து இருக்காது, குச்சிதான் இருக்கும்.

மேய்ந்தது மானா முயலா என்று கண்டுபிடிப்பது சுலபம். மானுக்கு மேல்வரிசையில் முன்பற்களே கிடையாது. ஆகையால் நறுக்கென்று துண்டிக்க வராது; பற்றிப் பிய்த்து இழுக்கும். தண்டின் நுனி நார் நாராகக் கிழிந்திருந்தால் மான். கத்தியால் சீவினாற்போல் இருந்தால் முயல். அவசரம் அவசரமாக விழுங்கிவிட்டுக் காட்டுக்குள் போய் நிதானமாக அசைபோடுமாம். கல்யாண வீட்டுப் பந்தியில் நீங்களும் அப்படிச் சிலரைப் பார்த்திருப்பீர்கள்!

புனம் காப்பது நமக்குப் புதிதல்ல. வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று பறவை ஓட்டினாள். அந்த வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள் என்று புராணம் சொல்கிறது. மான் பெற்ற மகளையே பயிருக்குக் காவல் வைத்த நம்பிராஜனின் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

அக்கா முதலில் செய்தது, அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். பழைய புடவைகளைக் குச்சிகளில் வரிசையாகக் கட்டிவிட்டார். என்னிடமும் நாலு வாங்கிக்கொண்டு போனார். சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள பேதம் மானின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. எனவே பட்டுக்கரைப் புடவையைத் தியாகம் செய்யத் தேவையில்லை. திரைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் மான் தாண்டத் தயங்கும். அதுதான் இதன் ரகசியம். ஆனால் காற்றில் ஆடுகிற துணி கடிக்காது என்பது அதற்குச் சீக்கிரமே புரிந்துவிடும். பிறகு புடவைக்கு அடியில் குனிந்து வரும். மானைத் தாண்டுகிற பிராணி என்றே நினைக்கிறோம். நுழைய வழியிருந்தால் அது தாண்டுவதே இல்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், "மீன் வலையைக் கட்டுங்க, செலவு கம்மி" என்றார். கம்மிதான். கலைமானின் கொம்பு அதில் சிக்கினால், உதற உதற வலை இறுகி, விடிவதற்குள் உயிர் போய்விடும். இன்னொருவர் சொன்னது அதைவிட மோசம்: வீட்டு மின்சாரத்தையே கம்பியில் விடச் சொன்னார். கடனை நினைத்து மாமாவுக்குக்கூட ஒரு நிமிஷம் சபலம் தட்டியதாம். அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மான் மட்டுந்தான் அதை மிதிக்கும்னு எழுதிக் குடுத்திருக்குதா? விடியக்காலம் பால் கறக்கப் போறவ நானாச்சே!"

சட்டமும் அக்காவின் கட்சிதான். மானைக் கொல்வது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சூரிய மின்வேலி வேறு விஷயம். அது விட்டுவிட்டுச் சுண்டுமே தவிர உயிரை வாங்காது. தமிழ்நாட்டில் அதற்கும் 2023-ல் விதிகள் வந்து, பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஆகியிருக்கிறது. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் ஓடிவிடும். யாராவது ஓயாமல் புல் வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். அக்காவுக்கு ஏது ஆள்?

கடைசியில் இரும்பு வலைவேலிதான் என்று முடிவாயிற்று. எட்டடி உயரம், அடி விளிம்பை முளையடித்து மண்ணோடு இறுக்க வேண்டும். 50 சென்ட் சதுரத்தைச் சுற்றி வர ஏறக்குறைய 590 அடி. கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருந்தது. சரி, கீரைப் பாத்திக்கு மட்டும் ஐந்து சென்ட் அடைக்கலாமா? பரப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும், வேலி மூன்றில் ஒன்றாகத்தான் குறைகிறது! சிறிய தோட்டத்துக்குத்தான் வேலி அதிக விலை.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தபோதுதான் ஒரு வழி தெரிந்தது. அடுத்த 50 சென்ட் அக்காவின் ஓரகத்தியுடையது. தனித்தனியே அடைத்தால் இருவருக்குமாக 1,180 அடி. சேர்த்து அடைத்தால் நடுவில் வேலியே வேண்டாம். 885 அடி போதும். ஆனால் அந்த நடு வரப்புக்காகத்தான் இருவருக்கும் நாலு வருஷமாகப் பேச்சே இல்லை!

அக்கா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், கிழிந்த அவரைத் தண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் வாசலில் போய் நின்றார். "உங்க பக்கமும் இப்படித்தானா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு ஓரகத்தி அதே மாதிரி ஒரு கொத்துத் தண்டைக் கொண்டுவந்து திண்ணையில் போட்டாராம். காப்பி வந்தது அதற்கப்புறம்தான்.

இப்போது 885 அடிக்கும் வலை நிற்கிறது. அதையொட்டி வெளிப்புறம் மழைக்கு முன்னால் கிளுவைப் போத்து நட்டிருக்கிறார்கள். கொங்கு நாட்டில் பாட்டன் காலத்து வேலி அது. முள்ளும் உண்டு, வறட்சியும் தாங்கும். அடர்ந்து வரச் சில வருஷம் பிடிக்கும். இரும்பு துருப்பிடிக்கும்போது அது தயாராக இருக்கும் என்பது அக்காவின் கணக்கு.

வாசலுக்கு ஒரே ஒரு படல். பொழுது சாய்ந்ததும் அதைச் சாத்த வேண்டியது திங்கள், புதன், வெள்ளி அக்கா. மற்ற நாள் ஓரகத்தி. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இன்னும் தகராறு தீரவில்லை.