புறப்புண்ணும் முதுகுவலியும்

வெண்ணிப் போரில் முதுகிற்பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான் சேரமான் பெருஞ்சேரலாதன். அவன் மானத்தை நம் மேடைகளில் பேசி மகிழ்கிறோம். ஆனால் போர்க்களம் காணாமலே, பிழைப்புக்காகச் சுமந்து சுமந்து நொந்த முதுகுகள் நம் இல்லங்களில் எத்தனை! அவற்றை நாம் பேசுவதில்லை.

எங்கள் குடும்பத்திலேயே அத்தகைய முதுகுகள் இரண்டு இருந்தன. தந்தையார் அம்பர்நாத்தில் தொழிற்சாலைப் பணியாளர். பெரியப்பா தாராவியில் தோல் பதனிடும் கூடத்தில் ஈரத்தோல் சுமந்தவர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்; இருவருக்கும் இடுப்புவலி. தந்தையாருக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த தொழிலாளர் காப்பீடு இருந்தது. மருத்துவர் சீட்டு எழுதினால் விடுப்பு; விடுப்பிலும் ஊதியத்தில் ஒரு பங்கு. அவர் ஓய்வெடுத்துத் தேறினார். பெரியப்பாவோ ஒரு நாள் படுத்தால் அன்று அடுப்பு எரியாது. நிமிர முடியாமற் போன பின்னரே அவர் மருத்துவமனை வாயிலை மிதித்தார்.

அங்கே மொழி குறுக்கே நின்றது. குத்தல், குடைச்சல், கடுப்பு, பிடிப்பு, இழுப்பு என வலிக்கு நம் ஊரில் எத்தனை பெயர்கள்! அவர் அறிந்த இந்தியில் ‘தர்த்’ என்னும் ஒரே சொல்தான். “மூட்டை தூக்கும் மதராசி உடம்பு, தாங்கும்” என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார் மருத்துவர்.

இது மும்பைக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அதில் பங்குகொண்ட வெள்ளையின மருத்துவ மாணவர், பயிற்சி மருத்துவருள் ஏறத்தாழப் பாதிப்பேர், கறுப்பின மக்களின் உடலைப் பற்றிப் பொய்யான நம்பிக்கை ஒன்றையேனும் கொண்டிருந்தனர். கறுப்பரின் தோல் தடித்தது என்பது அவற்றுள் ஒன்று. அத்தகையோர் கறுப்பரின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டனர்.

நம்மவரும் இதற்கு விலக்கல்லர். சுமைகூலியைப் பார்த்து “உழைத்துப் பழகிய உடம்பு” என்று மாதுங்காவிலும் செம்பூரிலும் நாமே சொல்வதுண்டு. அச்சொல்லுக்குள் சாதியும் ஒளிந்திருக்கிறது. பழகுவது முதுகன்று, வலியைச் சொல்லாதிருக்க வாய்தான் பழகுகிறது.

ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று 1967இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது. 1969இல் மராட்டிய மாநிலம் சுமைதூக்குவோருக்கென மாத்தாடிச் சட்டம் இயற்றியது. அச்சட்டம் எட்டாத முதுகுகள் இன்றும் உண்டு.

நம் சங்கம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. முதியோர் மருத்துவமனை செல்கையில் மராத்தியும் இந்தியும் அறிந்த நம் பிள்ளைகள் உடன் செல்லட்டும். வலி எங்கே, எப்படி என்பதோடு, எதைச் சுமந்தார், எத்தனை ஆண்டு சுமந்தார் என்பதையும் மருத்துவரிடம் எடுத்துரைக்கட்டும்.